முகத்து ரோமம்: லேசரா, மின்னூசியா?

ஓய்வு பெற்ற சிக்னல் இன்ஜினீயருக்குப் பெண்களின் முகத்து ரோமத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சென்ற முறை இதே பக்கங்களில் லெவல் கிராஸிங் இன்டர்லாக்கிங் பற்றி எழுதினேன். அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி நம் சங்கத்துத் தாய்மார்கள் மூன்று நான்கு பேர் என் மனைவியைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். "நீங்கதானே அந்த மெஷின் எல்லாத்தையும் பத்திப் படிச்சீங்க, நீங்களே எழுதிடுங்க" என்று அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். மகளிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாம எழுதுங்கப்பா" என்றாள்.

எங்கள் இளைய மகளுக்கு இருபது வயதைத் தாண்டியதும் மோவாயிலும் தாடைக்குக் கீழேயும் கறுப்பாகத் தடித்த முடி வர ஆரம்பித்தது. முதலில் மாதம் ஒரு முறை திரெடிங். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு தினம் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியும் இடுக்கியுமாக அரை மணி நேரம். சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நாங்கள் ஆபீஸ் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டோம். 2020ல் முகக்கவசம் வந்தபோது ஊரே சலித்துக்கொண்டது. அவள் மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. அது ஏன் என்று கூட எனக்குத் தோன்றவில்லை.

2022 ஆரம்பத்தில் லேசர் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னபோது, "இதுக்கெல்லாமா பணம்? பாட்டி காலத்துல மஞ்சள் பூசிக் குளிக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். அதன் பலன், அவள் தன் சம்பளத்தில் எங்கே மலிவோ அங்கே போனாள். ஓர் அழகு நிலையம். ஆறு தடவைக்கும் மொத்தமாக முன்பணம் கட்டினால் பாதி விலை. மாதம் ஏப்ரல். நாக்பூரின் ஏப்ரல் வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது தடவை போய் வந்தவளின் தாடையில் தீப்பெட்டி அகலத்தில் நான்கு பட்டைகள் இருந்தன. மெஷின் முகப்பின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. கொப்பளித்தது, காய்ந்தது, கறுத்தது. மறைய எட்டு மாதம் ஆயிற்று.

முப்பத்தேழு வருஷ சர்வீஸில் டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாத ஒரு ரிலேயைக்கூட நான் மாட்ட விட்டதில்லை. மகள் முகத்தில் வைக்கப்பட்ட மெஷினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். தோல் டாக்டரிடம் அவளோடு நானும் போனேன்.

டாக்டர் மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எடை கூடியதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றுதான் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்ததில் பி.சி.ஓ.எஸ். என்று தெரிந்தது. சினைப்பையில் நீர்க்கட்டி என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். இதில் ஆண்களுக்கு உரிய ஹார்மோன் பெண்ணின் உடலில் அளவுக்கு மேல் வேலை செய்கிறது. கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பூனைமுடியை அது தடித்த கறுப்பு முடியாக மாற்றிக்கொண்டே இருக்கும். மெஷின் இன்றைக்கு இருக்கும் முடியைத்தான் அழிக்கும். நாளைக்குப் புதிதாகத் தடிக்கப் போகும் முடிக்கு மருந்து வேண்டும். அந்த மருந்தும் ஆறு மாதம் சாப்பிட்ட பிறகே முடியில் பலன் காட்டும். இவற்றில் சில, கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் சாப்பிடக் கூடாதவை. எனவே கடையில் கேட்டு வாங்கும் வேலை வேண்டாம். இன்னொன்று: சில மாதங்களுக்குள் திடீரென்று முகமெல்லாம் முடி வந்து, குரலும் தடித்து, தலைமுடி கொட்டினால் அழகு நிலையத்தின் பக்கமே போகாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இனி மெஷினுக்கு வருகிறேன். லேசர் என்பது ஒரே நிறம் கொண்ட ஒளி. முடியின் கறுப்புக்குக் காரணமான மெலனின் அந்த ஒளியைக் குடித்துச் சூடாகிறது. வெயிலில் கறுப்புக் குடைத்துணி கொதிப்பது போலத்தான். அந்தச் சூடு முடி வழியாக இறங்கி மயிர்க்காலையும் அதைச் சுற்றியுள்ள, முடியை மறுபடி உண்டாக்கும் செல்களையும் சுட வேண்டும். சுற்றியுள்ள தோல் சுடக் கூடாது. இது எப்படி முடியும் என்பதற்கான கணக்கை 1983ல் அமெரிக்காவின் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். டவராவில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறிவிடும், அண்டாவில் வைத்த வெந்நீர் மெதுவாகத்தான் ஆறும் அல்லவா? மேல்தோல் டவரா, மயிர்க்கால் அண்டா. ஒளியைச் சில மில்லி செகண்டுகளிலிருந்து பல பத்து மில்லி செகண்டுகள் வரை நிதானமாகப் பாய்ச்சினால் மேல்தோல் அவ்வப்போது ஆறிக்கொள்ளும், மயிர்க்காலில் மட்டும் சூடு சேர்ந்துகொண்டே போகும். கூடவே மெஷினின் முனை தோலைக் குளிரவைக்கும்.

இந்தக் கணக்கு வெள்ளைத் தோலுக்குச் சுலபமாகப் பொருந்துகிறது. நம் தோலில்தான் சிக்கல். முடியில் உள்ள அதே மெலனின் நம் மேல்தோலிலும் தாராளமாக இருக்கிறது. ஒளிக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது, கறுப்பு எங்கே இருந்தாலும் சுடும். வெயிலில் கறுத்திருந்தால் இன்னும் அதிகமாகச் சுடும். என் மகளின் தாடையில் ஏப்ரல் மாதம் நடந்தது இதுதான்.

ஆகவே நமக்கு அலைநீளம் முக்கியம். ரூபி லேசர் 694 நானோமீட்டர், அலெக்ஸாண்ட்ரைட் 755, டயோட் சுமார் 810, என்டி யாக் 1064. எண் கூடக் கூட மெலனின் ஒளியைக் குடிப்பது குறைகிறது, ஒளி தோலில் ஆழமாக இறங்குகிறது. மேல்தோல் தப்பித்துக்கொள்ள, ஆழத்தில் இருக்கும் மயிர்க்காலுக்குச் சூடு போய்ச் சேர்கிறது. மாநிறத்துக்கும் அதைவிடக் கறுத்த தோலுக்கும் 1064 தான் மிகப் பத்திரமானது, கவனமாகக் கையாண்டால் டயோடும் சரிதான் என்பது டாக்டர்களின் பொதுவான கருத்து. 1064லும் குறை உண்டு. மெல்லிய முடியில் அது அவ்வளவாக எடுபடாது.

அந்த அழகு நிலையத்தில் இருந்தது லேசரே இல்லை. ஐ.பி.எல். என்று ரசீதில் போட்டிருந்தது. நான் கிரிக்கெட்டைத்தான் நினைத்தேன். அது ஒரு பளீர் விளக்கு. பல நிறங்கள் கலந்த ஒளியை ஒரு கண்ணாடி வடிகட்டி வழியாக விடுகிறார்கள். பழைய சிக்னல் விளக்கில் வெள்ளை ஒளிக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைப்போமே, அதே தத்துவம். தேவையான நிறத்தோடு தேவையில்லாத நிறங்களும் கொஞ்சம் வரும், மாநிறத் தோலைச் சுடுவது அவைதான். தெரிந்தவர் கையில் இதற்கும் பயன் உண்டு. ஆனால் லேசர் என்று சொல்லி இதை விற்பது சரியில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி விற்கும் கைமெஷின்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். மிகக் கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று அவற்றின் பெட்டியிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

ஏன் ஆறு, எட்டுத் தடவை போக வேண்டியிருக்கிறது? முடிகள் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவை. ஒரு சமயத்தில் சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்வில் இருக்கும். வளரும் முடிதான் மயிர்க்காலோடு ஒட்டி, கறுப்பாக நின்று, சூட்டை உள்ளே கொண்டுபோகும். ஓய்வில் இருந்தவை டூட்டிக்கு வரும்வரை காத்திருந்து அவற்றைப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி. இதே காரணத்தால்தான், லேசர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே திரெடிங், வாக்ஸிங், இடுக்கி எதுவும் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளி எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும்? ஷேவ் செய்யலாம். இதைக் கேட்டதும் என் மனைவி பதறிப்போனாள், பெண் பிள்ளை ஷேவ் செய்தால் முடி இன்னும் தடித்து வரும் என்று. அப்படி இல்லை என்று 1928லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க அம்மையார் சோதனை செய்து காட்டியிருக்கிறார். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

விளம்பரங்களில் வரும் 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவில் மருத்துவ மெஷின்களுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ., லேசர் கம்பெனிகளுக்கு 'நிரந்தரமாகக் குறைக்கும்' என்று சொல்லத்தான் இடம் கொடுத்திருக்கிறது. 'நிரந்தரமாக நீக்கும்' என்ற சொல் மின்னூசிக்குத்தான் உரியது. லேசரில் முடியின் எண்ணிக்கை குறையும், வருவதும் மெலிந்து வரும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை திரும்பப் போக வேண்டியிருக்கும். இன்னொரு விசித்திரமும் உண்டு. சிலருக்கு லேசர் போட்ட இடத்தைச் சுற்றி, முன்பு பூனைமுடியாக இருந்தது தடித்து வளர ஆரம்பிக்கிறது. முகத்திலும் கழுத்திலும்தான் இது அதிகம். நம்மைப் போன்ற நிறத்தவர்களிடமும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. அடிக்காத, சுடாத குறைந்த சக்தியில் ஒளி படுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே பயந்து பயந்து சக்தியைக் குறைத்து வைப்பதும் தீர்வாகாது.

மின்னூசி இதைவிட மிகப் பழையது. 1875ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் டாக்டர் சார்லஸ் மிஷெல், இமைமுடி உள்பக்கம் மடங்கிக் கண்ணை உறுத்தும் நோயாளிகளுக்காக இதை எழுதிவைத்தார். முடியை ஒட்டியே மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, நேர்மின்சாரத்தை, அதாவது டி.சி.யை, மிகக் குறைந்த அளவில் விடுகிறார்கள். ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. மயிர்க்காலின் ஈரத்தில் உப்பும் தண்ணீரும் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும் அங்கேயே காரம், அதாவது சோடியம் ஹைட்ராக்ஸைடு, உண்டாகி வேரைக் கரைத்துவிடுகிறது. பத்தில் ஒரு மில்லி ஆம்பியர் ஒரு செகண்டு பாய்ந்தால் ஒரு யூனிட் காரம் என்று இந்தத் தொழிலில் கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளியில் படித்த ஃபாரடே விதியேதான்! ட்ராக் சர்க்யூட் பேட்டரிகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இதைப் படித்தபோது பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி இருந்தது.

ஊசி மைனஸாக இருக்க வேண்டும், ப்ளஸ் முனையை நோயாளி கையில் பிடித்துக்கொள்வார். மாறிப்போனால் காரத்துக்குப் பதில் அமிலம் வரும், ஊசியின் உலோகம் கரைந்து தோலில் பச்சை குத்தியது போலக் கறுப்புப் புள்ளி விழும். கிளினிக்கில் இதை நான் கேட்டபோது அங்கிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை சார்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, மெஷினைத் திருப்பி முனைகளைக் காட்டினார்.

இரண்டாவது முறையில், மெகாஹெர்ட்ஸ் கணக்கில் துடிக்கும் ரேடியோ அலை மின்சாரத்தை ஊசி வழியாக விட்டு, ஈரத்தைச் சூடாக்கி வேரை வேகவைக்கிறார்கள். ஒரு செகண்டு கூட ஆகாது. முதல் முறை மெதுவானது, ஆனால் காரம் திரவம் என்பதால் வளைந்த மயிர்க்காலிலும் ஓடிப் பிடிக்கும். வருஷக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கி மயிர்க்கால் கோணிப்போனவர்களுக்கு அதுதான் உதவும். இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு.

மின்னூசிக்கு முடியின் நிறமும் தேவையில்லை, தோலின் நிறமும் தேவையில்லை. கறுப்பு, நரை, செம்பட்டை எல்லாம் ஒன்றுதான். தொல்லை என்னவென்றால் ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும். மோவாய் ஒன்றுக்கே வாரம் ஒரு தடவை என்று ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். இரண்டு கால்களுக்கு என்றால் பென்ஷன் வாங்கும் வயது வந்துவிடும்! அதோடு நம் நாட்டில் இதை ஒழுங்காகக் கற்றவர்கள் குறைவு. கை பழகாதவர் செய்தால் குழித் தழும்பு விழும். ஒரு முறை உபயோகித்து எறியும் ஊசியை நம் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எல்லாம் ஊசி வழியாக வரக்கூடியவை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருதய டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. காயம் ஆறும்போது தழும்பு தடித்து மேடாகும் உடம்புக்காரர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிவாயிற்று. மகளுக்குக் கறுத்த, தடித்த முடி, நிறைய. 2023 நவம்பரில், வெயில் தணிந்த பிறகு, டாக்டர் காதுக்குக் கீழே ஓர் ஓரத்தில் சோதனையாக நாலு ஷாட் 1064 போட்டார். சில வாரங்கள் காத்திருந்து கறுக்கவில்லை என்று பார்த்த பிறகே முகத்தில் தொடங்கினார். கூடவே மாத்திரை. நடுவில் கோடையில் நிறுத்திவிட்டு மொத்தம் எட்டு தடவை. தினமும் இடுக்கி எடுத்தவள் இப்போது மாதக்கணக்கில் அதைத் தேடுவதில்லை. மிச்சம் இருந்தவை லேசருக்கு அகப்படாத மெல்லிய முடிகள். அவற்றுக்கு 2025ல் மின்னூசி தொடங்கினோம், வாரம் இருபது நிமிஷம். முடிந்துவிட்டதா என்றால் இல்லை.

விருதுநகரிலிருந்து என் அக்கா குளிர்காலத்தில் எங்களிடம் வந்து தங்குவார். எழுபது தாண்டியவர், மோவாயில் நரைத்த முடி. மகளோடு துணைக்குக் கிளினிக் போனவரிடம் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அவருக்கும் ஒரு லேசர் பேக்கேஜ் எழுதிவிட்டாள். உள்ளே டாக்டர் அதை அடித்துவிட்டார். நரைமுடியில் மெலனின் இல்லை, லேசர் அதைத் தொடாது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன், முப்பத்தொன்று. "ரயிலை எண்ணினது போய் இப்ப என் தாடியை எண்ணுறியா தம்பி?" என்று அக்கா சிரித்தார். முப்பத்தோரு முடிக்கு மின்னூசிதான் சரி. பேஸ்மேக்கர் எதுவும் இல்லை என்பதால் பயமும் இல்லை. சில ஒரே தடவையில் போயின, சில மறுபடி வந்து இரண்டாவது தடவையில் போயின.

கை, கால், முதுகு போன்ற பெரிய இடங்களுக்கு லேசரை விட்டால் வேறு வழி நடைமுறையில் இல்லை. அப்படிப் பெரிய இடங்களுக்குப் போகிறவர்கள் மரத்துப்போகும் களிம்பைத் தாங்களாகவே கால் முழுக்கப் பூசிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொள்ளக் கூடாது. அதன் மருந்து ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. மருதாணி இட்ட இடத்திலும், மச்சத்தின் மேலும், பச்சை குத்திய இடத்திலும் லேசர் கூடாது. புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையே கூடவே கூடாது. கண்ணாடி போடாமல் அறைக்குள் துணைக்கு நிற்பதும் தவறு, மகளோடு போன முதல் நாள் நானே அப்படி நின்று திட்டு வாங்கினேன்.

பணம் கட்டுவதற்கு முன் நான் இப்போது கேட்கச் சொல்வது: மெஷினின் பெயர் என்ன, அலைநீளம் எத்தனை, பிடிப்பவர் யார், டாக்டர் அந்த நேரத்தில் கட்டடத்தில் இருப்பாரா, சோதனை ஷாட் போடுவீர்களா, ஒவ்வொரு தடவையும் வைத்த சக்தியை எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

மகளுடைய ஒவ்வொரு தடவையின் தேதி, ஜூல் கணக்கு, பல்ஸ் நேரம், மறுநாள் தோல் எப்படி இருந்தது எல்லாவற்றையும் பழைய ரயில்வே லாக் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் தாய்மார்கள் என் மனைவியிடம் சொல்லலாம். மகளைக் கேட்டுவிட்டுத் தருவாள்.